முப்பத்து மூன்றாவது வீடு

இரண்டாம் வகுப்பு ஆசிரியையை அந்தப் பள்ளியில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பிள்ளைகளுக்கு அவர் நோட்டு டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் மற்ற ஆசிரியர்களிடம் தொற்றி, வாசல் காவலாளி வரை போய், ஒருநாள் தலைமையாசிரியையே வாய் தவறி, "நோட்டு டீச்சர், இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கூப்பிடப்பட்டவர் கோபித்துக்கொள்ளவில்லை. வந்த நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு, "சொல்லுங்க மேடம்" என்றார்.

வயது நாற்பத்தாறு. வேலைக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள், அத்தனையும் இரண்டாம் வகுப்பிலேயே. ஆண்டுக்கு ஒரு கெட்டி அட்டை நோட்டு, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். பள்ளி திறந்து பத்து வாரத்துக்குள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருடைய வீட்டுக்கும் ஒருமுறை போய்வந்துவிட வேண்டும் என்பது பள்ளியின் விதி. மற்ற ஆசிரியர்கள் அதை எப்படியோ ஒப்பேற்றுவார்கள். இவருக்கோ ஆண்டிலேயே பிடித்தமான வேலை அதுதான். பிள்ளைக்கு நான்கு பக்கம் ஒதுக்குவார். கதவைத் திறந்தது யார், வீட்டுப்பாடம் எழுத உட்காரும் இடம் எது, அங்கே வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது, எல்லாம் எழுதுவார்.

போகும் முன் சீட்டு அனுப்புவார். "இன்ன தேதி, மாலை இத்தனை மணிக்கு வருகிறேன். பார்த்ததற்கு அடையாளமாகக் கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று உள்ளங்கை அளவு காகிதத்தில் நெருக்கி எழுதியிருக்கும். அடியில் ஒரு கையெழுத்துக்கு மட்டும்தான் இடம். கையெழுத்தாகி வந்த சீட்டின் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் பசை தடவி, அந்தப் பிள்ளையின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுவார். இருபத்திரண்டு ஆண்டில் ஒரு சீட்டுகூடக் கழன்று விழுந்ததில்லை.

அந்த ஆண்டு வகுப்பில் முப்பத்து மூன்று பேர். ஒன்பதாவது வாரம் முடிவதற்குள் முப்பத்திரண்டு வீடுகள் முடிந்திருந்தன. முடிதிருத்துபவர் வீட்டில் முன்னறை கடை, பின்னறை குடித்தனம். உட்கார வேறு இடமில்லாமல் சுழல் நாற்காலியிலேயே உட்காரவைத்தார்கள். மகளின் கூட்டல் கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே அப்பா பழக்கதோஷத்தில் வெள்ளைத் துணியை உதறி டீச்சரின் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இன்னொரு வீட்டில் பையனுக்கு மூன்று அத்தைகள். மூவரும் எதிரே வரிசையாக உட்கார்ந்து பத்தொன்பது கேள்வி கேட்டார்கள். டீச்சரால் கேட்க முடிந்தது இரண்டு.

குழாய் வேலைக்காரர் வீட்டில் அப்பா சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்துக்கிடந்தார். தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்.

"உங்க பையன் கணக்குல நல்லாப் போடறான்" என்று டீச்சர் கால்களைப் பார்த்துச் சொன்னார்.

"யாரு, எம்பையனா?" என்றன கால்கள். "டீச்சர், பக்கத்து வீடுன்னு நெனச்சு உள்ள வந்துட்டீங்களா?"

மிச்சமிருந்தது ஒரே வீடு. அது யாருடைய வீடு என்பதுதான் டீச்சரை அரித்தது.

அந்தப் பெண் வகுப்பில் பேச மாட்டாள். இரட்டைச் சடையில் சிவப்பு ரிப்பன், காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில், இமைக்காத பெரிய கண்கள். மற்றப் பிள்ளைகள் அவளுக்குப் 'பொம்மை' என்று பெயர் வைத்திருந்தார்கள். சொல்வதெழுதலில் இருபதுக்கு இருபது வாங்குவாள். எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். ஆனால் வாசிக்கச் சொல்லி மேசையருகே நிறுத்தினால், எதிரே உட்கார்ந்திருக்கும் முப்பத்திரண்டு முகங்களையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள். புத்தகம் மெல்ல எழும்பி மூக்கை மறைக்கும், பிறகு கண்ணை மறைக்கும். அவ்வளவுதான்.

வாசிப்புத் தேர்வு அரையாண்டுக்கு மூன்று முறை. வகுப்பைப் பார்த்து நின்று, கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி ஒரு பாடம் வாசிக்க வேண்டும். மூன்றிலும் வாசிக்காத பிள்ளை மீதி ஆண்டை ஒன்றாம் வகுப்பில் கழிக்க வேண்டும். இரண்டு முறை முடிந்துவிட்டது. மூன்றாவது, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை.

"எழுத்து முத்து முத்தா இருக்கு, ஒத்துக்கறேன்" என்றார் தலைமையாசிரியை. "ஆனா படிக்கத் தெரிஞ்சு எழுதுதா, பக்கத்துல பாத்து எழுதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுல என்ன சொல்றாங்க?"

"ரெண்டு தடவை போனேன் மேடம். பூட்டிக் கிடக்கு. ஃபோன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறாங்க."

"சீட்டு அனுப்பினீங்கல்ல? கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு வீட்டையும் பூட்டிட்டுப் போறாங்கன்னா என்ன அர்த்தம்? அக்கறை இல்லைன்னு அர்த்தம். ஒண்ணாங் கிளாஸ்ல ஒரு எடம் காலியா இருக்கு. மெதுவா வரட்டும், ஒண்ணும் கெட்டுப்போகாது."

இந்தப் பேச்சு எப்படியோ வகுப்புக்குள் வந்துவிட்டது. மதிய இடைவேளையில் அத்தைகள் வீட்டுப் பையன் பொம்மையின் முன்னால் போய் நின்று, தன் தொடையில் கைவைத்துக் காட்டினான். "ஒண்ணாங் கிளாஸ் பெஞ்சு இவ்ளோ உசரந்தான். ஒனக்கு முட்டி இடிக்கும்." அவள் குனிந்து தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டாள். மணி அடித்தும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று நோட்டு டீச்சர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, தொடாமலே மூடிவிட்டார்.

மூன்றாவது சீட்டை அன்றே எழுதினார். செவ்வாய், மாலை ஐந்து. மறுநாள் காலை அந்தப் பெண் சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இந்த முறையும் குப்புறத்தான் வைத்தாள். வைத்துவிட்டு, போகாமல் சற்று நேரம் நின்றாள். டீச்சர் சீட்டைப் புரட்டி, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஐந்து இடத்தில் பசை தடவி, முந்தைய இரண்டு சீட்டுகளுக்குக் கீழே அழுத்தி ஒட்டினார். "சரிம்மா, போய் உக்காரு."

செவ்வாய் மாலை வானம் மூட்டமாக இருந்தது. ஐந்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மாடிப்படி ஏறினார். பூட்டு அதே இடத்தில் தொங்கியது. கீழே கடை வைத்திருந்த இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"மூணாவது தடவை வந்துட்டீங்க டீச்சர். அந்தப் பூட்டுக்கும் ஒரு மார்க் போட்டுட்டுப் போயிடுங்க."

"இவங்க எல்லாம் எங்கதாங்க இருப்பாங்க?"

"அம்மா ஆஸ்பத்திரி சமையக்கட்டுல. ஏழரைக்குத்தான் வருவாங்க. அவரு பஸ் டிரைவரு."

"பொண்ணு?"

"அது அப்பாவோடதான்..."

டீச்சர் எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். பேனா திறந்ததும் இஸ்திரிக்காரர் வாயை மூடிக்கொண்டார். "எனக்கு என்னங்க தெரியும். பொழப்பப் பாக்கறவன். எங்கிட்டக் கேட்டதா எழுதிடாதீங்க" என்று ஒரு சட்டைக் கையை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார்.

'மூன்றாம் முறை. வீட்டில் ஆள் இல்லை' என்று மையில் எழுதிவிட்டு டீச்சர் இறங்கினார். தெருமுனைக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எங்கும் நடந்தே போகிறவர், குடையும் இல்லை. எதிரே வந்து நின்ற பதினான்காம் எண் பேருந்தின் பின்வாசலில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நெரிசலில் நின்றார்.

பேருந்து நகர்ந்ததும் முன்பக்கமிருந்து ஒரு குழந்தையின் குரல் கேட்டது. கணீர் என்று, கடைசி இருக்கைவரை வந்தது.

"பழைய இரும்பு வாங்கப்படும். கண் பரிசோதனை நிலையம், மாடியில். அழைப்பிதழ் அச்சகம். அவசர வேலைகள் அரை மணியில் முடித்துத் தரப்படும். கடை பூட்டியிருக்கு, அப்பறம் எப்படி அரை மணியில முடிப்பாங்க? அடுத்தது தண்ணித் தொட்டி நிறுத்தம்! எறங்கறவங்க எந்திரிச்சு வாங்க!"

நான்கைந்து பேர் எழுந்தார்கள். நடத்துநர் விசிலை ஊதினார். "கண்டக்டரம்மா சொல்லியாச்சு, எறங்குங்க, எறங்குங்க."

டீச்சருக்குக் கேட்கக் கேட்க மனம் குளிர்ந்தது. கூட்டெழுத்து, நீளச்சொல், எதிலும் தடுக்கவில்லை. ஓடுகிற வண்டியில், மழைக் கண்ணாடி வழியாக! இப்படி வாசிக்கிற ஒரு பிள்ளை தன் வகுப்பில் இருக்கக் கூடாதா என்று ஏக்கமாகவே இருந்தது. ஒரு கையால் நோட்டை எடுத்துக் கம்பியில் அண்டக்கொடுத்து, 'வயது ஏழு இருக்கலாம். தடையற்ற வாசிப்பு. குரல் நன்று' என்று எழுதினார்.

"தினமும் இப்படித்தாங்க" என்றார் பக்கத்து இருக்கையில் கூடையை மடியில் வைத்திருந்த அம்மா. "கேட்டுக்கிட்டே போனா தூரமே தெரியாது."

"எந்த ஸ்கூல் பிள்ளையோ. சொல்லிக்குடுத்தவங்க நல்ல கெட்டிக்காரங்களா இருக்கணும்."

"நீங்க வேற! அங்க ஒரு டீச்சராம். எந்நேரமும் குனிஞ்சு எதையோ எழுதிக்கிட்டே இருக்குமாம். நோட்டு டீச்சர்னு பேராம். இதுதான் கண்டக்டர்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

டீச்சர் பேனாவை மூடினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனார். ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் ஒற்றை இருக்கை. அதில் முட்டி போட்டு, கண்ணாடியைப் பார்த்தபடி ஒரு பெண். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், காதுக்குப் பின்னால் பென்சில்.

"பல் மருத்து..." என்ற குரல் பாதியில் நின்றது. ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவள் டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அதன்பின் பேருந்தில் மழைச் சத்தம் மட்டும்தான். இரண்டு நிறுத்தம் கடந்தபோது பின்னாலிருந்து ஒருவர் பதறி எழுந்தார். "ஏம்ப்பா, பூங்கா நிறுத்தம் போயிடுச்சா? பாப்பா சொல்லவே இல்லையே!"

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். வண்டி திரும்பிப் புறப்பட ஒன்பது நிமிடம் இருந்தது. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதன்பிறகுதான் திரும்பினார். எழுந்து நின்றார். கூச்சத்தில் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வாங்க டீச்சர். ஒருவழியா ஏறிட்டீங்க. மூணு தடவை எழுதி அனுப்பிச்சேன், வரவே இல்லையேன்னு எங்களுக்கு ஒரே கவலை."

"எழுதி அனுப்பிச்சீங்களா? எதுல?"

"நீங்க அனுப்பின சீட்டுலதான். பின்பக்கம். முன்பக்கத்துல நீங்க எடம் எங்க விட்டீங்க?"

டீச்சர் நோட்டைத் திறந்தார். மூன்று சீட்டுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, தாளோடு தாளாக ஒட்டிக் கிடந்தன. நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள பசை, அசையவில்லை. சீட்டுகளைக் குப்புற வைத்ததும், வைத்துவிட்டுப் போகாமல் அந்தப் பெண் நின்றதும் அப்போதுதான் அவருக்கு விளங்கின. காது சூடானது.

"வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க டீச்சர்" என்றார் நடத்துநர். பக்கத்தைத் தூக்கி முன்கண்ணாடியில் வைத்துப் பிடித்தார்கள். தாளின் மறுபக்கத்தை டீச்சரின் குறிப்புகள் அடைத்திருந்ததால் சீட்டின் பக்கமிருந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே எழுத்து தெரிந்தது, ஆனால் எல்லாம் இடம் வலமாகப் புரண்டு. டீச்சர் கண்ணைச் சுருக்கினார். ஓட்டுநர் தலையைச் சாய்த்தார். ஒருவருக்கும் பிடிபடவில்லை.

"நீங்க எழுதினதுதானே, சொல்லிடுங்களேன்" என்றார் டீச்சர்.

"மூணும் வேற வேற மாதிரி எழுதினேன். கண்டக்டரம்மாவுக்குத் தெரியும். கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டியோட போர்டெல்லாம் படிக்கிறவ. நீ படிம்மா."

அவள் டீச்சரைப் பார்த்தாள். உதடு இறுகியது. டீச்சர் அந்தப் பார்வையைப் பார்த்தார், பிறகு ஓட்டுநரைப் பார்த்தார். அவருடைய தலைக்கு மேலே, 'ஓட்டும்போது ஓட்டுநருடன் பேசாதீர்' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"அதப் பாத்துட்டுக் கோவிச்சுக்காதீங்க" என்றார் ஓட்டுநர் அவசரமாக. "அவ எங்கிட்டப் பேசல டீச்சர், கண்ணாடிகிட்டத்தான் பேசறா. நான் பதில் சொல்லக் கூடாது, திரும்பவும் கூடாது. யாரும் மூஞ்சியப் பாக்காத வரைக்கும் வாய் ஓயாது. ஒருத்தரு திரும்பிப் பாத்தாப் போச்சு."

டீச்சர் நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓட்டுநரும் திரும்பிக்கொண்டார். நடத்துநர் விசிலை உற்றுப் பார்த்தார்.

நோட்டைக் கண்ணாடியில் வைத்து அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. "மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு. நாலேகாலிலிருந்து ஏழு வரை நாங்கள் பதினான்காம் எண் பேருந்தில்தான் இருப்போம். தயவுசெய்து ஏறிக்கொள்ளவும்." இரண்டாவது சீட்டு: "போன தடவை நீங்கள் ஏறவில்லை. பள்ளி முனையில் நாலேகாலுக்கு வண்டி வரும்." மூன்றாவது: "டீச்சர், முன் இருக்கை பிடித்து வைக்கிறோம். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும் என்கிறார்கள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். ஒருமுறை வந்து கேளுங்கள்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே டீச்சர் மூக்கை உறிஞ்சினார். "மழைச் சாரல்" என்றார், யாரும் கேட்காமலே.

"வீட்டுக்கு வந்த டீச்சருக்கு ஒரு டீ கூடக் குடுக்கல பாருங்க" என்று நடத்துநர் இறங்கி ஓடினார். டீ வந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்து குடித்தார்கள். டீச்சர் அந்தப் பெண்ணின் பக்கங்களைத் திருப்பி, 'வீட்டில் ஆள் இல்லை' என்று மூன்று இடத்தில் எழுதியதை அடித்தார். பக்கத்தில் 'பிழை என்னுடையது' என்று எழுதினார். பார்த்த இடம்: பேருந்து. வெளிச்சம் விழும் பக்கம்: முன்னாலிருந்து. யார் பேச்சு எடுபடுகிறது என்ற இடத்தில் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, மகளின் பெயரைப் போட்டார்.

வியாழக்கிழமை தலைமையாசிரியையின் அறையில் வாக்குவாதம் இருபது நிமிடம் நடந்தது.

"பஸ்ல படிச்சா பஸ்ல மார்க் வாங்கிக்கட்டும். இங்க விதின்னு ஒண்ணு இருக்கு. வகுப்பைப் பாத்து நிக்கணும், கடைசிப் பெஞ்சுக்குக் கேக்கணும்."

"ரெண்டும் நடக்கும் மேடம். அவ வகுப்பைப் பாத்தே நிக்கட்டும். வகுப்பு அவளைப் பாக்கணும்னு விதியில எங்கயாவது இருக்கா? பிள்ளைங்க திரும்பி உக்காரட்டும்."

தலைமையாசிரியை விதிமுறைக் கோப்பை எடுத்து ஒருமுறைக்கு இருமுறை படித்தார். இல்லைதான். "சரி, அவங்க திரும்பிக்கட்டும்."

"நீங்களுந்தான்."

"நானுமா!"

வெள்ளிக்கிழமை பதினோரு பெஞ்சுகளும் பின்சுவரைப் பார்த்துத் திரும்பின. அந்தச் சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முப்பத்திரண்டு பிள்ளைகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நடுவே தலைமையாசிரியை, நாற்காலியில் கைகட்டிக்கொண்டு, சுவரில் அடித்திருந்த ஒரு ஆணியை முறைத்துக்கொண்டிருந்தார். மேசையருகே, அத்தனை முதுகுகளுக்கு எதிரே, அவள் மட்டும் புத்தகத்தோடு நின்றாள்.

டீச்சரும் திரும்பித்தான் நின்றார். கடிகாரம் முன்சுவரில் இருந்தது. எவ்வளவு நேரம் போனது என்று அவருக்குத் தெரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கவும் மனம் வரவில்லை. யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது, பக்கத்துப் பிள்ளை அதை இடித்தது. புத்தகத் தாள் ஒன்று சரசரத்தது. தலைமையாசிரியை தொண்டையைச் செருமப் போனார். டீச்சர் அவர் தோளில் கைவைத்தார். இருபத்திரண்டு ஆண்டில் அவர் மேலதிகாரியைத் தொட்டது அதுதான் முதல்முறை.

"பாடம் ஏழு" என்றது குரல். சின்னதாக. பிறகு கொஞ்சம் பெரிதாக, "வாத்தும் குளமும்."

ஒரு முதுகும் அசையவில்லை. குரல் இரண்டாவது வரியில் நிமிர்ந்தது, மூன்றாவது வரியில் கணீரென்றது. வாத்து குளத்தில் இறங்கியது, நீந்தியது, அக்கரை சேர்ந்தது. பாடம் முடிந்தது. குரல் நிற்கவில்லை. "பயிற்சி. கோடிட்ட இடங்களை நிரப்புக. வாத்து கோடு நீந்தியது. குளத்தில் கோடு இருந்தது."

"போதும்மா" என்றார் தலைமையாசிரியை ஆணியிடம். "திரும்பலாமா?"

"ம்ஹும். இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு."

தலைமையாசிரியை திரும்பாமல் காத்திருந்தார். இரண்டு கேள்வியும் ஆன பிறகு எழுந்து போய், மேசையில் இருந்த தேர்வுத் தாளில் அவள் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டார். 'இரண்டாம் வகுப்பிலேயே தொடரலாம்' என்று எழுதிவிட்டு, எதையோ நினைத்துக்கொண்டு தாளைப் புரட்டிப் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்தார். "உங்ககூடச் சேர்ந்தா எனக்கும் இந்தப் பயம் வந்துடுச்சு" என்று முணுமுணுத்தபடி வெளியே போனார்.

பெஞ்சுகளை மறுபடி நேராக்கும் வேலை தொடங்கியது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அத்தைகள் வீட்டுப் பையன் தன் பெஞ்சைத் தரதரவென்று இழுத்து வந்து, பார்க்காமல் இறக்கி வைத்தான்.

"ஏய்! எங்காலு!"

அவன் திகைத்து நிமிர்ந்தான். நேருக்கு நேராக, முகத்துக்கு முகம், அவள் அவனை முறைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ இருக்கேன்னு சொல்லவே இல்லையே" என்றான்.

"இப்பச் சொல்றேன்ல? எடு!"